தற்காலிகக் கோப்புறையில் எழுத முடியுமா? எழுதிப் பார்த்தால்தான் தெரியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கைத் தளத்தைப் பராமரித்து வருகிறேன். அது லினக்ஸ் சர்வரில் இயங்கும் பி.எச்.பி. நிரல். விண்ணப்பதாரர்கள் மதிப்பெண் சான்றிதழைப் பதிவேற்றும் பக்கத்தைத் திறக்கும்போதே, தற்காலிகக் கோப்புறையில் எழுத முடியுமா என்று 'இஸ் ரைட்டபிள்' செயற்கூறு மூலம் சோதிக்கிறோம். அது எப்போதும் 'ஆம்' என்றே சொல்கிறது. ஆனாலும் சில நாட்களில் பதிவேற்றம் தோற்றுப்போகிறது. சர்வருக்குள் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) பயனராக நுழைந்து நானே அங்கு ஒரு கோப்பை உருவாக்கினால் எந்தத் தடையும் இல்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். 'இஸ் ரைட்டபிள்' உள்ளுக்குள் 'ஆக்சஸ்' என்ற அழைப்பின் வழியாக, இந்தப் பயனருக்கு இந்த இடத்தில் எழுதும் அனுமதி உண்டா என்று இயங்குதளத்திடம் விசாரிக்கிறது. இயங்குதளமும் அனுமதிக் குறிகளைப் பார்த்து, கேட்ட அளவுக்குச் சரியாகவே பதில் சொல்கிறது. வட்டில் இடம் மிச்சமிருக்கிறதா, அந்தப் பயனருக்கு ஒதுக்கிய பங்கு தீர்ந்துவிட்டதா, எழுதும் பைட்டுகள் உண்மையில் போய்ச் சேருமா என்பவற்றை அந்த விசாரணை தொடுவதே இல்லை. பேருந்தின் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கை காலியாக இருக்கிறது என்று முடிவு செய்வதற்கு ஒப்பானது அது.

உங்கள் கைச்சோதனை ஏன் வெற்றி பெறுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, வட்டு நிரம்பிய நிலையிலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய வழியிருக்க வேண்டும் என்பதற்காக, மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென்று இயல்பாகவே ஒதுக்கி வைத்துவிடுகிறது. ஆகவே மற்ற எல்லாப் பயனர்களுக்கும் 'இடமில்லை' என்ற பிழை வரும் நேரத்திலும் ரூட்டாக எழுதுபவருக்கு இடம் கிடைக்கும். அனுமதிக் குறிகளும் ரூட்டைத் தடுப்பதில்லை. நீங்கள் ரூட்டாகச் செய்யும் எந்தச் சோதனையும் ரூட்டுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் தளமோ, டெபியன் அல்லது உபுண்டு சர்வராக இருந்தால், பெரும்பாலும் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ-டேட்டா என்ற எளிய பயனரின் பெயரில் இயங்குகிறது. குறைந்தபட்சம் 'சூடோ' கட்டளையில் அந்தப் பயனரின் பெயரைக் கொடுத்து, அவராக நின்று எழுதிப் பாருங்கள்.

சில நாட்களில் மட்டும் தோற்கிறது என்று நீங்கள் சொல்வதால், அனுமதியை விட இடத்தின் மீதே எனக்கு ஐயம் அதிகம். வட்டின் காலியிடத்தைக் காட்டும் 'டி.எஃப்.' கட்டளையைக் கொடுத்து, 30 விழுக்காடு காலியாக இருக்கிறது என்று கண்டு அமைதியடைந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைக் குறித்துவைக்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று தேவை. எக்ஸ்ட்4 முறைமையில் அவற்றின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அமர்வுத் தகவல்களைச் சிறுசிறு கோப்புகளாகச் சேமிக்கும் தளங்களில், பழைய கோப்புகள் நீக்கப்படாமல் இலட்சக்கணக்கில் தேங்கினால், பைட்டுகள் மிச்சமிருக்கும்போதே ஐநோடுகள் தீர்ந்துவிடும். அப்போதும் வருவது அதே 'இடமில்லை' என்ற செய்திதான். 'டி.எஃப்.' கட்டளையோடு 'ஐ' என்ற விருப்பக் குறியைச் சேர்த்துக் கொடுத்தால் ஐநோடுகளின் கணக்குத் தெரியும்.

நீங்கள் சோதிக்கும் கோப்புறையும் பி.எச்.பி. எழுதும் கோப்புறையும் ஒன்றுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவேற்றங்களுக்கான தற்காலிக இடத்தை அமைவுக் கோப்பில் தனியாகக் குறிப்பிடலாம். அங்கே எழுத முடியாவிட்டால் பி.எச்.பி. கணினியின் பொதுவான தற்காலிகக் கோப்புறைக்குத் திரும்பிவிடும். ஓர் இடத்தைச் சோதித்துவிட்டு வேறோர் இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் தளங்கள் குறைவல்ல.

சோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்றால், தளத்தை இயக்கும் அதே நிரலுக்குள்ளிருந்து, அதே கோப்புறையில், யாரும் ஊகிக்க முடியாத பெயரில் ஒரு புதிய கோப்பை உருவாக்குங்கள். வெறும் கோப்பை உருவாக்கி நிறுத்திவிடக் கூடாது. வட்டு முழுவதும் நிரம்பியிருந்தாலும் ஒரு பைட்டும் இல்லாத வெற்றுக் கோப்பு பல நேரங்களில் உருவாகிவிடும். உங்கள் பதிவேற்றத்தின் உச்ச வரம்பு 5 மெகாபைட் என்றால் 5 மெகாபைட் எழுதுங்கள். எழுதும் செயற்கூறு திருப்பித் தரும் பைட் எண்ணிக்கையை, கொடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு கோப்பை மூடி, மூடும் செயலின் விளைவையும் பாருங்கள். பல மொழிகளின் நூலகங்கள் பைட்டுகளை முதலில் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடுகின்றன. உண்மையான தோல்வி மூடும்போதுதான் வெளிப்படுகிறது. என்.எஃப்.எஸ். வழியாக வேறொரு கணினியின் வட்டில் எழுதும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும்: ஒதுக்கீடு தீர்ந்துபோன செய்தி, கோப்பை மூடும் நேரத்திலோ, எழுதியதை வட்டுக்கு அனுப்பச் சொல்லும் 'எஃப்சிங்க்' அழைப்பிலோதான் வந்து சேரலாம். மூடிய பின் மீண்டும் திறந்து படித்து, எழுதியதே திரும்பி வருகிறதா என்று பார்த்து, கடைசியாக அழியுங்கள். அழிக்க முடியாவிட்டால் அதையும் தோல்வியாகவே கொள்ள வேண்டும். தற்காலிகக் கோப்புகளை அழிக்க இயலாத நிரல் இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் வட்டை நிரப்பிவிடும்.

இவ்வளவுக்கும் முன்பாக, தோற்ற பதிவேற்றங்கள் எந்தப் பிழை எண்ணைத் தந்தன என்று தளத்தின் பதிவேட்டில் தேடுங்கள். பி.எச்.பி.யில் 6 என்றால் தற்காலிகக் கோப்புறையே இல்லை. 7 என்றால் வட்டில் எழுத முடியவில்லை. 1 என்றால் கோப்பு அமைவில் உள்ள வரம்பை மீறிவிட்டது, அதாவது சிக்கல் கோப்புறையில் இல்லை. இந்த எண்ணைப் பதிவு செய்யாமல் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று மட்டும் காட்டும் தளங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. கடைசி நாள் மாலையில் விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவர் எத்தனை முறை முயன்றாலும் நிரம்பிய வட்டு காலியாகப் போவதில்லை.

கேள்வி: தற்காலிகக் கோப்புறைக்கு 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம், உள்ளே நுழையலாம்) கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகளில் பொதுவான தற்காலிகக் கோப்புறையான டெம்ப்பின் அனுமதி 1777. முன்னால் நிற்கும் அந்த 1 தான் பாதுகாப்பு: கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், ரூட் ஆகியோரைத் தவிர வேறு யாரும் அந்தக் கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாதபடி அது தடுக்கிறது. அதை நீக்கி 777 என்று வைத்தால் யாருடைய கோப்பையும் யாரும் அழித்துவிட்டு, அதே பெயரில் தம்முடைய கோப்பை வைத்துவிடலாம். நிரலுக்கென்று தனிக் கோப்புறை இருந்தால், அந்த நிரலின் பயனரையே அதற்கு உரிமையாளராக்கி, அவருக்கு மட்டும் எல்லா அனுமதியும் தரும் 700 கொடுப்பது போதும்.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோப்புறைக்குள் புதிய கோப்பை உருவாக்க எழுதும் அனுமதி மட்டும் போதாது. உள்ளே நுழையும் அனுமதியும் வேண்டும். அதாவது, ஒரு கோப்புறைக்கு, உரிமையாளரைப் படிக்கவும் எழுதவும் மட்டும் விடும் 600 என்று வைத்தால், எழுதும் அனுமதியை மட்டும் விசாரிக்கும் சோதனை அதன் உரிமையாளருக்கு 'ஆம்' என்று சொல்லும். ஆனால் அங்கே ஒரு கோப்பைக்கூட அவரால் உருவாக்க முடியாது. அதற்கு மேலுள்ள கோப்புறைகளில் ஏதேனும் ஒன்றில் நுழையும் அனுமதி இல்லாவிட்டாலும் முடியாது.

கேள்வி: எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் டெம்ப் கோப்புறையில் 'டெஸ்ட்' என்ற ஒரே பெயரில் எழுதிப் பார்க்கிறது. முன்பு வேறொரு பயனராக இயக்கினோம். இப்போது ரூட்டாக இயக்குகிறோம். ரூட்டுக்கே 'அனுமதி இல்லை' என்று வருகிறது. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: சாத்தியம்தான், அது உங்களைக் காப்பாற்றுவதற்காகவே வைக்கப்பட்ட தடை. 2018-இல் வெளியான லினக்ஸ் 4.19 முதல், எல்லோரும் எழுதக்கூடிய, மேற்சொன்ன 1 என்ற குறியுள்ள கோப்புறையில், வேறொரு பயனருக்குச் சொந்தமான கோப்பை 'இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற முறையில் திறப்பதைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. 'புரொடெக்டட் ரெகுலர்' என்று அதற்குப் பெயர். புதிய வினியோகங்கள் பலவற்றில் அது இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. பழைய பயனர் விட்டுச்சென்ற 'டெஸ்ட்' கோப்பு இன்னும் அங்கேயே கிடப்பதால் ரூட்டும் தடுக்கப்படுகிறது. கோப்புறையில் எந்தக் குறையும் இல்லை.

தடையை எடுத்துவிட எண்ணாதீர்கள். நிலையான பெயரைக் கைவிடுவதே வழி. ரூட்டாக இயங்கும் நிரல் எந்தப் பெயரில் எழுதும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அதே பெயரில் கடவுச்சொல் கோப்பையோ வேறு முக்கியக் கோப்பையோ சுட்டும் இணைப்பு ஒன்றை மற்றொரு பயனர் வைத்துவிட்டு, உங்கள் நிரலின் கையாலேயே அதை அழிக்கச் செய்யலாம். இது பல்லாண்டுகளாக அறியப்பட்ட தாக்குதல் முறை. ஷெல் ஸ்கிரிப்டில் 'எம்.கே.டெம்ப்' கட்டளையும், சி மொழியில் 'எம்.கே.எஸ்.டெம்ப்' செயற்கூறும் ஊகிக்க இயலாத பெயரைத் தேர்ந்து, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடிய 600 அனுமதியோடு கோப்பை உருவாக்குகின்றன. இதில் முக்கியமானது, இருப்பதைப் பார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே அழைப்பில் நடப்பது. முதலில் பார்த்துவிட்டுப் பிறகு உருவாக்கினால், இரண்டுக்கும் நடுவிலுள்ள கண்ணிமைப் பொழுதில் நிலைமை மாறிவிட வாய்ப்புண்டு. 'ஆக்சஸ்' அழைப்பை இத்தகைய முன்சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லினக்ஸ் கையேடே எச்சரிப்பதும் இதனால்தான்.

கேள்வி: பைத்தானின் 'டெம்ப்ஃபைல்' தொகுதியைப் பயன்படுத்துகிறேன். அது தானாகவே சரியான கோப்புறையைத் தேர்ந்துகொள்கிறது என்கிறார்கள். நான் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

பதில்: அந்தத் தொகுதியை எழுதியவர்கள் இந்தச் சிக்கலை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். முதலில் டி.எம்.பி.டி.ஐ.ஆர்., டெம்ப், டி.எம்.பி. ஆகிய மூன்று சூழல் மாறிகளையும் (இயங்குதளம் நிரலுக்குத் தரும் அமைவு மதிப்புகள்), பிறகு இயங்குதளத்துக்கு ஏற்ற வழக்கமான இடங்களையும், எதுவும் கிடைக்காவிட்டால் கடைசியில் நிரல் இயங்கும் நடப்புக் கோப்புறையையும் வரிசையாகப் பார்க்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அனுமதியை விசாரித்துக்கொண்டிருக்காமல், தற்செயலான பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, 'பிளாட்' என்று நான்கு எழுத்துகளை எழுதி, மூடி, அழித்துப் பார்க்கிறது. எழுத முடிந்த முதல் இடமே தேர்வாகிறது. எங்குமே முடியாவிட்டால், பயன்படுத்தத்தக்க தற்காலிகக் கோப்புறை இல்லை என்ற பிழையை எழுப்புகிறது. வேறு மொழிகளில் எழுதுவோரும் பின்பற்றத்தக்க நல்ல மாதிரி இது.

ஆனாலும் மூன்று இடங்களில் கவனம் தேவை. நான்கு பைட்டுகள் எழுத முடிந்தது என்பதால் 2 கிகாபைட் எழுத முடியும் என்று ஆகாது. தேர்ந்த இடத்தை அந்தத் தொகுதி நினைவில் வைத்துக்கொள்வதால், நாள்கணக்கில் ஓடும் நிரலில் முதல் நாள் கிடைத்த விடையே தொடரும். பிறகு வட்டு நிரம்பினாலும் மறுசோதனை நடக்காது. மேலும், நீங்கள் சூழல் மாறியில் குறிப்பிட்ட இடத்தில் எழுத முடியாவிட்டால் அது உங்களிடம் சொல்லாமலேயே அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆகையால் நிரல் தொடங்கும்போது, எந்தக் கோப்புறை தேர்வானது என்பதைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

விண்டோஸில் பைத்தானின் 'ஓ.எஸ். ஆக்சஸ்' செயற்கூறை இதற்கு நம்பவே கூடாது. அது அங்கே பாதுகாப்பு அனுமதிப் பட்டியலைப் பார்ப்பதில்லை. கோப்புறை இருக்கிறது என்றால் எழுதலாம் என்றே சொல்லிவிடுகிறது.

கேள்வி: விண்டோஸில் ஒரு பழைய கணக்கியல் நிரல் 'தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை' என்கிறது. கோப்புறையின் பண்புகளில் 'ரீட் ஒன்லி' பெட்டியில் குறி இருக்கிறது. எடுத்தாலும் திரும்ப வந்துவிடுகிறது.

பதில்: அந்தக் குறியை விட்டுவிடுங்கள். கோப்புறைகளைப் பொறுத்தவரை அது உள்ளே எழுதுவதைத் தடுப்பதில்லை. தடுப்பது பாதுகாப்புத் தாவலில் உள்ள அனுமதிப் பட்டியல்தான்.

விண்டோஸ் நிரல்கள் பெரும்பாலும் 'கெட் டெம்ப் பாத்' என்ற அழைப்பின் மூலம் தற்காலிக இடத்தைக் கேட்கின்றன. அது முதலில் டி.எம்.பி. மாறியையும், பிறகு டெம்ப் மாறியையும், அதன்பின் பயனரின் சொந்தக் கோப்புறையையும், கடைசியாக விண்டோஸ் கோப்புறையையும் பார்த்து ஒரு பாதையைத் தருகிறது. அந்தப் பாதையில் கோப்புறை உண்மையில் இருக்கிறதா, எழுத முடியுமா என்பதை அது பார்ப்பதில்லை. எப்போதோ கழற்றப்பட்ட டி டிரைவை அந்த மாறி இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால் உங்கள் செய்தி வந்துவிடும். ஆகவே முதலில் மாறிகளைப் பாருங்கள்.

அடுத்து, டெம்ப் கோப்புறையில் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பழைய நிரல்கள் பயன்படுத்தும் 'கெட் டெம்ப் ஃபைல் நேம்' அழைப்பு, பெயரின் முன்னொட்டுக்குப் பின் 16 பிட் எண் ஒன்றைச் சேர்த்தே பெயர்களை உருவாக்குகிறது. ஒரே முன்னொட்டில் 65,535 பெயர்களுக்கு மேல் கிடைக்காது. கோப்புகளை அழிக்காமல் விட்டுச்செல்லும் நிரல் ஆண்டுக்கணக்கில் ஓடினால், அனுமதியும் இடமும் இருந்தும் ஒரு நாள் பெயர் தீர்ந்துபோகும். வேறொரு பெயரில் நீங்கள் செய்யும் எழுத்துச் சோதனையும் அப்போது வெற்றியே பெறும். பழைய கோப்புகளை நீக்குவதே மருந்து.

கேள்வி: நான் டெம்ப் கோப்புறையில் வைத்த கோப்பு, சர்வரில் பின்னணியில் இயங்கும் சேவைக்குத் தெரியவில்லை. சேவை எழுதியது எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரு தரப்பும் வெற்றி என்றே சொல்கின்றன.

பதில்: உங்கள் சேவையின் அமைவில் 'பிரைவேட் டெம்ப்' என்ற வரி இருக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மேலாளர் அந்தச் சேவைக்கென்று தனியான டெம்ப் கோப்புறையை உருவாக்கி, அதன் கண்ணுக்கு மட்டும் பொதுவான டெம்ப் போலக் காட்டுகிறது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் வெளியிலிருந்து செய்யும் சோதனை, சரியான பயனராகச் செய்தாலும், வேறோர் இடத்தையே சோதிக்கிறது. சேவை பார்ப்பதை நீங்களும் பார்க்க ஒரு வழி உண்டு: இயங்கும் சேவைக்கு இயங்குதளம் கொடுத்த எண்ணைக் கண்டறிந்து, இயங்கும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் கோப்புறையில் அந்த எண்ணுக்குக் கீழ் இருக்கும் ரூட் என்ற இணைப்பின் வழியாக டெம்ப் கோப்புறைக்குள் செல்லுங்கள்.

உபுண்டுவில் ஆப்பார்மர், ரெட் ஹாட் வழி வந்தவற்றில் எஸ்.ஈ.லினக்ஸ் ஆகிய காவல் அமைப்புகளும் இப்படித்தான். அனுமதிக் குறிகளைக் கண்ணால் பார்க்கும்போது அவை தெரிவதில்லை. சேவைக்குள்ளிருந்து எழுதும்போது மட்டுமே தடுக்கின்றன. இந்தக் காரணத்தால்தான் சோதனை நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இடத்தின் அளவையும் பழைய நினைவை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2013-இல் வந்த ஃபெடோரா 18 முதலும், 2025-இல் வந்த டெபியன் 13 முதலும், டெம்ப் கோப்புறை இயல்பாகவே வட்டில் இல்லாமல் நினைவகத்தில் அமைகிறது. அதன் வரம்பு பொதுவாக ராம் நினைவகத்தில் பாதி. சர்வரைப் பராமரிக்காமல் நிரலை இயக்க உதவும் அமேசானின் லாம்டா சேவையில் நிரலால் எழுதக்கூடிய உள்ளூர் இடம் டெம்ப் மட்டுமே. இயல்பாக அதற்கு 512 மெகாபைட். 2022 முதல் 10,240 மெகாபைட் வரை கேட்டுப் பெறலாம்.

கேள்வி: நிரல் தொடங்கும்போது ஒரு முறை எழுதிப் பார்த்தால் போதுமா, ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டுமா?

பதில்: தொடக்கத்தில் ஒரு முறை பாருங்கள், தவறான அமைவோடு ஓடத் தொடங்குவதை விட, உடனே காரணம் சொல்லி நின்றுவிடுவது எல்லோருக்கும் நல்லது. அதன் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் முன்பாகத் தனிச் சோதனை வேண்டாம். சோதனை வெற்றி பெற்ற மறுநொடியில் வேறொரு நிரல் வட்டை நிரப்பலாம். வட்டில் பழுது நேர்ந்து, கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறலாம். சிஸ்டம்டி உள்ள பல கணினிகளில் டெம்ப் கோப்புறையில் 10 நாட்களாகத் தொடப்படாதவை தானாகவே நீக்கப்படுவதால், தொடக்கத்தில் நீங்கள் உருவாக்கிய துணைக் கோப்புறையே பின்னர் இல்லாமல் போகலாம். உண்மையான வேலைக்காகச் செய்யும் எழுத்தையே சோதனையாகக் கொண்டு, திறத்தல், எழுதுதல், மூடுதல் ஆகிய மூன்றின் விளைவையும் அங்கேயே பாருங்கள். மூன்றும் முடிந்த பிறகே பயனருக்கு 'பதிவாகிவிட்டது' என்று சொல்லுங்கள்.

தோற்றால் பதிவேட்டில் கோப்பின் முழுப் பாதை, நிரலை இயக்கும் பயனரின் பெயர், எழுத முயன்ற பைட்டுகள், இயங்குதளம் தந்த பிழை எண் ஆகிய நான்கையும் எழுதுங்கள். லினக்ஸில் 2 என்றால் பாதை இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் இடமோ ஐநோடோ தீர்ந்தது, 30 என்றால் படிக்க மட்டுமான கோப்பு முறைமை, 122 என்றால் பயனரின் ஒதுக்கீடு தீர்ந்தது. நள்ளிரவில் இதைப் பார்க்க நேரும் சக ஊழியர், அந்த ஒரு வரியைக் கொண்டே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.